இரண்டு ஏஸ் கையில் இருந்தும் தோற்பது ஏன்? போக்கர் போட்டிகளின் கணக்கு

2010 ஜூலை. லாஸ் வேகாஸ் நகரின் ரியோ ஹோட்டல். 'வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கர்' தொடரின் பிரதானப் போட்டியான மெயின் ஈவென்ட்டில் தலைக்கு 10,000 டாலர் கட்டி 7,319 பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல நாள் ஆட்டத்துக்குப் பிறகு மிஞ்சியது 15 பேர். அவர்களில் ஒருவரான அமெரிக்க இளைஞர் மேட் அஃப்லெக், தனக்கு வந்த இரண்டு சீட்டுகளின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

ஏஸ். இன்னொரு ஏஸ்.

போக்கரில் இதற்கு மேல் ஒரு தொடக்கக் கை கிடையாது.

எதிரே கனடாக்காரர் ஜோனதன் டுஹமெல். அவரிடம் இரண்டு ஜாக். அதுவும் லேசுப்பட்ட கை இல்லை. டுஹமெல் பந்தயத்தை ஏற்றினார், அஃப்லெக் அதற்கு மேல் ஏற்றினார், டுஹமெல் மறுபடியும் ஏற்றினார். இந்த இடத்தில் அஃப்லெக் இன்னொரு முறை ஏற்றாமல், அந்தத் தொகைக்கு ஈடு மட்டும் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தார்.

நடுவில் திறந்த முதல் மூன்று சீட்டுகள்: 10, 9, 7. டுஹமெல் 50 லட்சம் சிப்ஸ் வைத்தார், அஃப்லெக் விடவில்லை. நான்காவது சீட்டு குயின். அஃப்லெக் தன்னிடம் மிச்சமிருந்த சுமார் 1 கோடியே 16 லட்சம் சிப்ஸையும் மொத்தமாக வைத்தார். டுஹமெல் நிமிடக்கணக்கில் யோசித்தார். கடைசியில் 'கால்' என்றார்.

இருவரும் சீட்டைத் திருப்பிப் போட்டார்கள். பார்வைக்குத் தெரியாமல் மீதி இருந்த 44 சீட்டுகளில் டுஹமெலைக் காப்பாற்றக் கூடியவை வெறும் 10. நாலு எட்டு, நாலு கிங், ரெண்டு ஜாக். அதாவது அஃப்லெக் ஜெயிக்கும் வாய்ப்பு 77 சதவீதம்.

ஐந்தாவது சீட்டு எட்டு. டுஹமெலுக்கு 8, 9, 10, ஜாக், குயின் என்று வரிசை சேர்ந்துவிட்டது. அஃப்லெக் கண்கலங்கி அரங்கை விட்டு வெளியேறிய காட்சி இஎஸ்பிஎன் ஒளிபரப்பிலும் வந்தது. போக்கர் பார்ப்பவர்கள் இன்றைக்கும் அந்தக் கையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த மேசையின் நடுவில் குவிந்திருந்தது 4 கோடிக்கும் மேற்பட்ட சிப்ஸ். போட்டியில் ஆளுக்கு 30,000 வீதம் கொடுக்கப்பட்ட மொத்த சிப்ஸே கிட்டத்தட்ட 22 கோடிதான். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு சீட்டில் கை மாறியது.

சரி, அஃப்லெக் என்ன தப்பு செய்தார்? ஏஸ் ஜோடியைச் சரியாக ஆடவில்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, 'நல்ல கை' என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

221-ல் ஒரு தடவை

ரம்மி தெரிந்தவர்களுக்குப் போக்கரின் அடிப்படை ஐந்து நிமிட வேலை. 'டெக்சஸ் ஹோல்டம்' என்ற வகைதான் உலகம் முழுக்கப் பெரிய போட்டிகளில் ஆடப்படுகிறது. ஜோக்கர் கிடையாது. ஆளுக்கு இரண்டு சீட்டு. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதில் மூன்று ஒன்றாகத் திறக்கும், அதன் பெயர் ஃப்ளாப். நான்காவது டர்ன். ஐந்தாவது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்துக் கணக்கு.

'நோ லிமிட்' என்றால் பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை என்று பொருள். முன்னால் இருக்கும் சிப்ஸ் அத்தனையையும் எந்த நேரத்திலும் வைக்கலாம். அதுதான் 'ஆல்-இன்'. இந்த ஒரு விதிதான் இந்த விளையாட்டின் பயமும் கவர்ச்சியும்.

52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள் இருக்கின்றன. ஏஸ் ஜோடி அதில் ஆறே வழிகளில்தான் வரும். 221 கைக்கு ஒரு தடவை. ஒன்பது, பத்து பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் மணிக்கு 25 முதல் 30 கை ஓடினால் பெரிய விஷயம். ஆக, காலையில் உட்கார்ந்தவருக்கு ராத்திரிக்குள் ஒரு முறை ஏஸ் ஜோடி வந்தால் அது சராசரி. ரெண்டு நாளாக வரவே இல்லை என்றால் அதுவும் அதிசயம் இல்லை.

ஏஸ், கிங், குயின் ஜோடிகளையும், 'ஏஸ்-கிங்' என்ற கையையும் சேர்த்துக்கொண்டால்கூட 39-ல் ஒரு தடவைதான். மீதி நேரம் முழுக்கச் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. இவ்வளவு நேரம் காத்திருந்த பிறகு வரும் கை என்பதால்தான் தப்பும் அங்கேயே நடக்கிறது. மனசு அந்தக் கையை ஒரு வாய்ப்பாகப் பார்க்காது, பரிசாகப் பார்க்கும். 'இவ்ளோ நேரம் பொறுத்தோம், இது நம்ம பாட்' என்ற நினைப்பு வந்துவிடும். (நடுவில் குவியும் சிப்ஸுக்குத்தான் பாட் என்று பெயர்.)

கூட்டம் கூடினால் ஏஸும் சாதாரணம்

ஒரே ஒரு எதிராளி, அவரிடம் என்ன சீட்டு என்றே தெரியாது. அப்படி இருந்தால் ஏஸ் ஜோடி கடைசி வரை போய் ஜெயிக்கும் வாய்ப்பு 85 சதவீதம். எதிராளி இரண்டு பேர் என்றால் 73. மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் உள்ளே வந்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மேசையில் இருக்கும் ஒன்பது பேரும் சீட்டைக் கீழே போடாமல் பார்த்தால் வெறும் 31 சதவீதம். மூன்று தடவையில் இரண்டு தடவை தோல்வி, அதுவும் உலகத்திலேயே சிறந்த கையை வைத்துக்கொண்டு.

காரணம் எளிது. ஏஸ் ஜோடி பிறக்கும்போதே ராஜா. ஆனால் நடுவில் ஐந்து சீட்டு திறந்த பிறகு, எதுவும் சேராவிட்டால் அது வெறும் ஒரு ஜோடி. எதிராளிக்கு இரண்டு ஜோடி, மூணு ஒரே எண், வரிசை, ஒரே பூ என்று எது சேர்ந்தாலும் ஏஸ் கீழே போய்விடும். ஆள் கூடக்கூட, யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று சேர்ந்துவிடும்.

ஆகவே நல்ல கை வந்தவர் முதலில் செய்ய வேண்டியது, உள்ளே வர விரும்புகிறவர்களிடம் நுழைவுச்சீட்டு வாங்குவது. ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாகப் பந்தயம் வைப்பார்கள். அதில் பெரியது 'பிக் பிளைண்டு'. சிப்ஸ் தாராளமாக இருக்கும் கட்டத்தில் அதைப் போல இரண்டு முதல் மூன்று மடங்குக்கு ஏற்றுவது வழக்கம். ஏற்கெனவே ஒருவர் ஏற்றியிருந்தால் அதைப் போல மூன்று மடங்கு. பலவீனமான கைகள் ஒதுங்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு பேர் மட்டும் விலை கொடுத்துத் தொடர்வார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

புதிதாக ஆடுகிறவர்கள் இங்கே நேர் எதிராகச் செய்வார்கள். 'ஏத்தினா எல்லாரும் ஓடிடுவாங்க, அப்புறம் ஏஸ் வந்து என்ன பிரயோஜனம்?' என்று சும்மா இருந்துவிடுவார்கள். நாலு பேர் மலிவாக உள்ளே வருவார்கள். 9, 8, 4 என்று ஃப்ளாப் திறக்கும். 9-8 வைத்திருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏஸ்காரருக்கோ ஏஸை விட மனசு வராது. பதுங்கி ஆடுவது சில நேரம் சரிதான். மேசையில் அடிக்கடி கண்மூடித்தனமாக ஏற்றும் ஒருவர் இருந்தால், அவருக்கு முன்னால் பதுங்கலாம். ஆனால் பதுங்குவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். 'பயந்து ஓடிடுவாங்க' என்பது போதாது.

ஏஸ்-கிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகான கை, பலரைக் கவிழ்த்த கையும் அதுதான். அது ஜோடி இல்லை. ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ சேர்வது மூன்றில் ஒரு தடவைதான். இரண்டு குயின் வைத்திருப்பவரோடு மோதினால், ஏஸ்-கிங் வேறு வேறு பூவாக இருக்கும்போது 43 சதவீதம், ஒரே பூவாக இருந்தால் 46. காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மோசம். கிங் ஜோடிக்கு இருக்கும் தொல்லை வேறு. ஃப்ளாப்பில் ஒரு ஏஸாவது வந்து நிற்பது நூற்றில் 22, 23 தடவை. ஜாக் ஜோடி என்றால் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது ஃப்ளாப்பில் வருவது 57 தடவை. டுஹமெல் கடைசியில் அத்தனை நேரம் யோசித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தோற்றால் வீட்டுக்குப் போகணும்

இதுவரை சொன்னது எல்லா போக்கருக்கும் பொருந்தும். போட்டி என்று வந்துவிட்டால் கணக்கே மாறுகிறது.

காசு வைத்து ஆடும் சாதாரண மேசையில் ஒரு சிப் என்றால் ஒரு சிப்தான். 100 டாலர் தோற்றால், இன்னொரு 100 டாலர் கொடுத்து மறுபடியும் உட்காரலாம். 80 சதவீத வாய்ப்பு நூறு முறை கிடைத்தால், நீண்ட ஓட்டத்தில் கணக்கு நம் பக்கம் வந்துவிடும். மெயின் ஈவென்ட் மாதிரியான போட்டியில் அந்த நீண்ட ஓட்டம் கிடையாது. சிப்ஸ் தீர்ந்தால் நாற்காலி காலி.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் ஐந்து முறை ஆல்-இன் போகிறார். ஒவ்வொரு முறையும் அவருக்கு 80 சதவீத வாய்ப்பு. எதிராளிக்கும் அவர் அளவு சிப்ஸ் இருக்கிறது. ஐந்து முறையும் தப்பிப் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு? 33 சதவீதம். அதாவது ஐந்து முறையும் சரியான முடிவே எடுத்தவர், மூன்றில் இரண்டு தடவை வீட்டில் இருப்பார். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நல்ல கையில் 'எவ்வளவு ஜெயிக்கலாம்' என்பதோடு நிற்பதில்லை. 'என் மொத்த சிப்ஸையும் இதில் வைக்கத்தான் வேண்டுமா' என்றும் கேட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கான பதில், கையில் எத்தனை பிக் பிளைண்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2010 மெயின் ஈவென்ட்டில் எல்லோரும் 30,000 சிப்ஸோடு தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் பிக் பிளைண்டு 100. அதாவது 300 பிளைண்டு ஆழம். அந்த ஆழத்தில் ஏஸ் ஜோடியை வைத்துச் சின்ன, நடுத்தர பாட்களை ஜெயிப்பது சுலபம். பிரம்மாண்டமான பாட் உருவானால் சந்தேகப்பட வேண்டும். 300 பிளைண்டையும் வெறும் ஒரு ஜோடிக்காகக் கொட்டத் தயாராக இருப்பவரிடம் எதிராளி வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு ஜோடியாக இருக்காது.

சில நேரம் சந்தேகப்பட்டும் பிரயோஜனம் இருக்காது. 2017 மெயின் ஈவென்ட்டில், மூன்று முறை வேர்ல்டு சீரீஸ் பட்டம் வென்ற வனெசா செல்ப்ஸ்ட்டுக்கு முதல் கட்டத்திலேயே ஏஸ் ஜோடி வந்தது. ஃப்ளாப்பில் ஓர் ஏஸும் ஒரு ஏழும் திறந்தன. டர்னில் இன்னொரு ஏழு. மூணு ஏஸ், ரெண்டு ஏழு என்று 'ஃபுல் ஹவுஸ்' கட்டிவிட்டார் செல்ப்ஸ்ட். இதைவிட வேறென்ன வேண்டும்? எதிரே இருந்த பிரெஞ்சு வீராங்கனை கேயல் போமானிடம் இருந்தது மீதி இரண்டு ஏழு. நாலு ஏழு. போட்டி தொடங்கி முதல் கட்டம்கூட முடியவில்லை. செல்ப்ஸ்ட்டின் 50,000 சிப்ஸும் காலி. இந்தக் கையைப் பார்த்து 'அவர் சீட்டைப் போட்டிருக்க வேண்டும்' என்று சொல்வது, மேட்ச் முடிந்த பிறகு டீக்கடையில் கேப்டன்சி செய்வது மாதிரி.

சிப்ஸ் குறையக் குறைய எல்லாம் எளிதாகிவிடும். பிளைண்டுகள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை ஏறிக்கொண்டே போகும். சும்மா இருந்தாலே சிப்ஸ் கரையும். பத்து, பன்னிரண்டு பிக் பிளைண்டு மட்டும் மிச்சம் இருப்பவருக்கு ஏஸோ, கிங்கோ, ஏஸ்-கிங்கோ வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. மொத்தத்தையும் வைத்துவிட வேண்டியதுதான். ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பாதி சிப்ஸை உள்ளே விட்டு, அப்புறம் பின்வாங்குவதுதான் அங்கே பெரிய தப்பு.

இரட்டிப்பு சிப்ஸ், இரட்டிப்புப் பணம் இல்லை

போட்டியின் இன்னொரு வினோதம் பரிசுப் பட்டியல். 2010-ல் 7,319 பேர் ஆடியதில் பரிசு கிடைத்தது 747 இடங்களுக்கு. கடைசி இடத்துக்கே சுமார் 19,000 டாலர். அதற்கு ஒரு படி முன்னால் வெளியேறினால் பரிசுப் பட்டியலில் பெயரே இருக்காது. இந்த எல்லைக்கோட்டை 'பபிள்' என்கிறார்கள். நீர்க்குமிழி எப்போது உடையும் என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் அது.

பபிள் அருகிலும் கடைசி மேசையிலும் ஒரே கைக்கு வேறு மதிப்பு. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், கணக்கு கடினமில்லை.

மூன்று பேர் மிச்சம். மூவரிடமும் ஒரே அளவு சிப்ஸ். முதல் பரிசு 50,000 டாலர், இரண்டாவது 30,000, மூன்றாவது 20,000. மொத்தம் 1 லட்சம். இப்போது ஆட்டத்தை நிறுத்திப் பிரித்தால் ஆளுக்கு 33,333 டாலர். ஒருவர் ஆல்-இன் போகிறார். நீங்கள் ஈடு கொடுத்து ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகும். பணம்?

மூன்றாமவர் வெளியே போய்விட்டார். உங்களிடம் மொத்த சிப்ஸில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே முதல் பரிசு கிடைக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, இரண்டாம் பரிசுக்கு மூன்றில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 43,333 டாலர். சிப்ஸ் இரண்டு மடங்கு ஆனது, மதிப்பு ஏறியது 10,000 டாலர் மட்டுமே. தோற்றாலோ 20,000-த்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், நஷ்டம் 13,333.

ஜெயித்தால் 10,000 லாபம், தோற்றால் 13,333 நஷ்டம். இது கட்டுப்படியாக வேண்டுமானால் ஜெயிக்கும் வாய்ப்பு குறைந்தது 57 சதவீதம் இருக்க வேண்டும். எதிராளியிடம் ஏதோ ஒரு ஜோடி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், ஏஸ்-கிங்கைக் கீழே போட்டுவிட வேண்டியதுதான். சாதாரண மேசையில் பாட்டில் ஏற்கெனவே கிடக்கும் சிப்ஸுக்காக ஆடக்கூடிய அதே கை, இங்கே நஷ்டக் கை. ஏஸ் ஜோடிக்கும் கிங் ஜோடிக்கும் இந்த 57-ஐத் தாண்டுவது பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கும் கைகள்தான் தலைவலி.

'இண்டிபெண்டன்ட் சிப் மாடல்' என்று இதற்குப் பெயர், சுருக்கமாக ஐசிஎம். பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே இருப்பது மேலே பார்த்த கூட்டல் பெருக்கல்தான்.

இதை அதன் எல்லை வரை இழுத்தால் ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்வோம். ஏஸ் ஜோடியைப் பார்த்துவிட்டு, ஒரு சிப்கூட வைக்காமல் கீழே போடுவதே சரி என்ற இடம்.

'சாட்டிலைட்' என்றொரு போட்டி வகை உண்டு. ஜெயித்தால் பணம் கிடையாது. பெரிய போட்டிக்கான இடம் கிடைக்கும். கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 2003-ல் இணையத்தில் 86 டாலர் சாட்டிலைட்டில் தொடங்கி, மெயின் ஈவென்ட்டுக்கு இடம் பிடித்து, அங்கே 839 பேரைக் கொண்ட போட்டியில் ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கியது இந்த வழியில்தான். (பெயரே மணிமேக்கர். கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.) போக்கர் உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்த வெற்றி ஒரு முக்கியக் காரணம்.

சாட்டிலைட்டில் எல்லாப் பரிசும் ஒரே மதிப்பு. மூன்று இடம் இருக்கிறது, நாலு பேர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நிறைய சிப்ஸ். எதிரே இன்னொருவரிடமும் அதே அளவு. மீதி இரண்டு பேரிடம் ஆளுக்கு ஒரு பிளைண்டுதான் இருக்கிறது. அடுத்த சில கைகளில் அவர்களில் ஒருவர் காலி ஆவது கிட்டத்தட்ட நிச்சயம். இப்போது அந்தப் பெரிய ஆள் ஆல்-இன் போகிறார். உங்களிடம் ஏஸ் ஜோடி. ஈடு கொடுத்தால் 85 சதவீதம் ஜெயிப்பீர்கள். சும்மா சீட்டைக் கீழே போட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு 95-க்கும் மேலே. அதிக சிப்ஸ் வைத்திருப்பவருக்கு இரண்டு இடமா தரப்போகிறார்கள்? ஃபோல்டு. அவ்ளோதான்.

கணக்கு புரிந்தாலும் கை வராது. ராத்திரி முழுக்கக் காத்திருந்து வந்த ஏஸ் ஜோடியைக் கீழே தள்ளும் மனசு எத்தனை பேருக்கு இருக்கும்?

ஏஸுக்கு ஏஸே எதிரி

அதிர்ஷ்டத்தின் பங்கை யாராவது மறந்துபோனால் 2014-ஐ நினைவுபடுத்தலாம். லாஸ் வேகாஸில் நடந்த 'பிக் ஒன் ஃபார் ஒன் டிராப்' போட்டி. நுழைவுக் கட்டணம் 10 லட்சம் டாலர். ஆம், ஒருவருக்கு. 42 பேர் ஆடினார்கள்.

இளம் ஆட்டக்காரர் கானர் டிரினனும் தொழிலதிபர் கேரி காட்ஸும் ஃப்ளாப்புக்கு முன்பே மொத்த சிப்ஸையும் வைத்தார்கள். இருவரிடமும் ஏஸ் ஜோடி. கட்டில் இருக்கும் நாலு ஏஸும் மேசையில். இப்படி நடந்தால் 95 சதவீதத்துக்கும் மேல் சமன்தான். பாட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அடுத்த கைக்குப் போவார்கள். ஒருவர் முழுசாக ஜெயிக்கும் வாய்ப்பு வெறும் 2 சதவீதம் சொச்சம். நடுவில் ஒரே பூவில் நாலு சீட்டு திறந்தால்தான் அது நடக்கும்.

நாலு ஹார்ட்டின் திறந்தது. ஹார்ட்டின் ஏஸ் இருந்தது காட்ஸிடம். டிரினன் வெளியே.

டிரினன் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. அந்தக் கையை உலகின் எந்தத் தேர்ந்த ஆட்டக்காரரும் அப்படித்தான் ஆடியிருப்பார். ஆட்டக்காரர்கள் அடிக்கடி புலம்புவார்களே, 'எனக்கு ஏஸ் வந்தாலே தோத்துடறேன்' என்று, அதிலும் பாதி ஞாபகத்தின் வேலை. ஜெயித்த நாலு ஏஸ் மறந்துபோகும், தோற்ற ஒன்று மட்டும் ஆறு மாதத்துக்குத் தொண்டையில் நிற்கும். அடுத்த ஏஸ் வரும்போது, அந்த ஒன்றை நினைத்துக்கொண்டு தேவையில்லாமல் அதிகம் ஏற்றி எல்லோரையும் விரட்டிவிடுவார்கள். அதிலும் நஷ்டம்தான், என்ன, அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே ஆடலாமா?

இதைப் படித்துவிட்டு ஆப் ஸ்டோரைத் திறப்பவர்களுக்கு ஒரு முக்கியமான தகவல். போக்கர் திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற வழக்கு தமிழ்நாட்டில் நீண்ட நாள் ஓடியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்ற நிலைப்பாட்டை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்த விவாதத்துக்குள்ளேயே போகவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் அது தடை செய்கிறது. ஆகவே இங்கே சொன்ன கணக்குகளைப் பணம் இல்லாத விளையாட்டு சிப்ஸ் வைத்துப் பரிசோதித்துப் பார்க்கலாம்; நிஜப் பணத்தைக் கட்டச் சொல்லி வரும் லிங்க்குகளைத் தொடாமல் இருப்பது நல்லது.

அஃப்லெக் செய்தது சரியா?

மறுபடி அந்த மேசைக்கு வருவோம். ஃப்ளாப்புக்கு முன்பு அஃப்லெக் இன்னொரு முறை ஏற்றியிருந்தால் டுஹமெல் ஜாக் ஜோடியைக் கீழே போட்டிருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். அப்படிப் போட்டிருந்தால் அஃப்லெக் ஜெயித்திருப்பது ஒரு சுமாரான பாட். இழந்திருப்பது, தன்னிடம் 81 சதவீதம் பின்தங்கிய ஒரு ஜோடியை உள்ளே வைத்திருக்கும் வாய்ப்பை. ஏஸ் ஜோடிக்கு ஜாக் ஜோடியைவிட நல்ல எதிராளி கிடைப்பது அரிது. விரட்டுவதற்கா இத்தனை நாள் காத்திருந்தார்?

டர்னில் நடந்ததுதான் சுவாரஸ்யம். அஃப்லெக்கின் ஆல்-இன்னுக்கு ஈடு கொடுக்க டுஹமெலுக்கு ஆகும் செலவையும், ஜெயித்தால் கிடைக்கும் பாட்டையும் ஒப்பிட்டால், அவருக்கு ஏறக்குறைய 28 சதவீத வாய்ப்பு வேண்டும். ஏஸ் ஜோடிக்கு எதிராக அவரிடம் இருந்தது 23 சதவீதத்துக்கும் குறைவு. எதிரே இருப்பது ஏஸ்தான் என்று தெரிந்திருந்தால் அவர் போட்டிருக்க வேண்டிய கை அது. தெரியாதே. எதிராளி பொய்யாக மிரட்டுகிறாரோ, பாதியில் நிற்கும் வரிசைக்காக ஆடுகிறாரோ என்ற சாத்தியங்களையும் கூட்டிப் பார்த்துத்தான் 'கால்' என்றிருக்கிறார். அஃப்லெக் எதிராளியிடம் கேட்ட விலை சரியான விலை. எதிராளி அதைவிடக் குறைவான வாய்ப்போடு அந்த விலையைக் கொடுத்தார். ஏஸ் ஜோடி செய்யக்கூடியது அவ்வளவுதான். அதை அது செய்தது. நாற்பத்து நாலில் பத்து என்பது பத்துதான், பூஜ்யம் இல்லை.

அஃப்லெக் 15-ஆம் இடத்தோடு வெளியேறினார். அந்த சிப்ஸோடு டுஹமெல் கடைசி ஒன்பது பேரில் ஒருவராக நவம்பர் வரை காத்திருந்தார். அந்த ஆண்டுகளில் இறுதி மேசை நான்கு மாதம் கழித்துத்தான் நடக்கும். 2010 நவம்பர் 8 அன்று ஜான் ரேசனரை வீழ்த்தி, மெயின் ஈவென்ட்டை வென்ற முதல் கனடாக்காரர் ஆனபோது அவருக்கு வயது 23. பரிசு 89 லட்சத்து 44 ஆயிரத்து 310 டாலர். கடைசிக் கையில் அவரிடம் இருந்த இரண்டு சீட்டுகள்: ஓர் ஏஸ், ஒரு ஜாக்.